கொடி பறந்தது, கூடம் காலி!

1933ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 20ஆம் நாள். ஜெர்மனி நாடெங்கும் அன்று விழாக்கோலம். வீதிகளிலே வாத்திய முழக்கம், வீடுகளிலே கொடி, வாயெல்லாம் வாழ்த்து. என்ன விசேஷம்? ஆட்சிப் பீடம் ஏறி மூன்று மாதம்கூட நிறையாத இட்லருக்கு அன்று பிறந்தநாள்! பள்ளிக்கூடங்களின் மீதும் நாஜிக் கட்சியின் ஸ்வஸ்திகக் கொடி பறந்தாகவேண்டும் என்று உத்தரவு.

உல்ம் நகருக்கு அருகே ஹெர்லிங்கன் என்றொரு சிற்றூர். அங்கே ஒரு பள்ளி. பிள்ளைகள் அங்கேயே உண்டு, உறங்கி, விளையாடி, படிக்கும் பள்ளி. பெரும்பாலோர் யூதப் பிள்ளைகள். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியைக்கும் உத்தரவு வந்தது. கொடி ஏற்றமாட்டேன் என்றால் பள்ளிக்குப் பூட்டு. ஏற்றினாலோ, தங்களைப் பகைவர் என்று பழிக்கும் கொடிக்குக் கீழே அந்தப் பிள்ளைகள் நிற்கவேண்டும். அம்மையார் என்ன செய்தார்?

கொடியை ஏற்றச் சொன்னார். ஏற்றியும் ஆயிற்று. அதே நாளில், சின்னஞ்சிறு குழந்தைவரை பள்ளி முழுவதையும் திரட்டிக்கொண்டு வெளியூர் உலாவுக்குப் புறப்பட்டுவிட்டார்!

கொடி பறந்தது, கூடம் காலி. வணங்க ஆளில்லை, வாழ்த்த வாயில்லை. வெறும் கட்டடத்தின் மீது ஒரு துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"இது என்ன பெரிய வீரம்? வாளேந்தினாரா, வழக்காடினாரா?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். நாம் சொல்கிறோம்: வீரத்தில் இது ஒருவகை. கையிலே ஆயுதமில்லை, பின்னாலே படையில்லை. பொறுப்பிலோ ஊரார் வீட்டுப் பிள்ளைகள். அந்த நிலையில் ஒரு பிள்ளையையும் பணயம் வைக்காமல், ஒரு பிள்ளையையும் பணியவைக்காமல் நடந்துகொள்வது எளிதான காரியமல்ல. அந்த அம்மையாரின் பெயர் அன்னா எஸ்ஸிங்கர். அவரையும், அவர் கைப்பிடித்துக் கடல் கடந்த பிள்ளைகளையும் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

ஒன்றரைப் பிள்ளை!

அம்மையார் 1879ஆம் ஆண்டு உல்ம் நகரிலே, யூதக் குடும்பத்தில், ஒன்பது பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். இருபது வயதில் அமெரிக்காவுக்குச் சென்று அங்கேயே படித்தார், படிப்பித்தார். குவேக்கர்கள் என்ற சமயக் குழுவினரின் தொண்டு அவரைக் கவர்ந்தது. முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனி பசியால் துடித்தபோது, 1919இல் அந்தக் குவேக்கர்களின் உதவிப் பணிக்காகவே தாய்நாடு திரும்பினார். ஊர் ஊராகச் சென்று, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட ஏற்பாடு செய்யுங்கள் என்று ஊர்த் தலைவர்களையும் ஆசிரியர்களையும் வேண்டினார். பிறகு 1926இல் தம் உடன்பிறந்தாரின் துணையோடு ஹெர்லிங்கன் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பிரம்பு கிடையாது. பிள்ளைகள் அவரை 'டான்டே அன்னா' என்று அழைத்தனர். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் ஜெர்மன் மொழியில் அந்த ஒரே சொல்தான்.

முதலில் பிள்ளைக்கு வயிறு நிறைய உணவு. பிறகு மனம் நிறைய அறிவு. எப்போதும் அச்சமில்லாத வாழ்வு. இதுதான் அந்த அம்மையாரின் கல்விக் கொள்கை. இதற்கு நேர் எதிரான கொள்கையோடு ஆட்சிக்கு வந்தான் இட்லர்.

வந்தவன் முதலில் எங்கே கைவைத்தான்? பள்ளிக்கூடத்தில்! 1933 ஏப்ரல் 7ஆம் நாள் ஒரு சட்டம் வந்தது: அரசுப் பணியிலிருந்து யூதர்கள் வெளியேற வேண்டும். பள்ளி ஆசிரியர்களும் அதிலே அடக்கம். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகக் களத்திலே நின்றவர்கள் போன்ற சிலருக்குச் சிறிது காலம் விலக்கு. ஏப்ரல் 25ஆம் நாள் இன்னொரு சட்டம். அதற்குச் சூட்டிய பெயரைக் கேளுங்கள்: பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெரிசலைத் தடுக்கும் சட்டமாம்! நெரிசலாம்! நெரிசல் என்றால் என்ன செய்வார்கள் நல்லவர்கள்? இன்னொரு கூடம் கட்டுவார்கள். இவர்கள் செய்தது என்ன? உயர்பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் புதிதாகச் சேருவோரில் யூதர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதித்தார்கள்.

ஒன்றரைப் பேர்! ஒரு பிள்ளை தெரிகிறது. அந்த அரைப் பிள்ளை யார்? எந்தத் தாய் பெற்றாள் அரைப் பிள்ளையை? பிறப்பைப் பார்த்துப் படிப்பை அளக்கப் புறப்பட்டவனின் தராசு அப்படித்தான் இருக்கும். அவன் கண்ணுக்குப் பிள்ளை தெரியாது, பின்னம்தான் தெரியும்.

"இதெல்லாம் நாலு நாள் கூத்து, போகப் போகச் சரியாகிவிடும்" என்று அன்று ஜெர்மனியிலே எண்ணியவர் பலர். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், பணம் படைத்தவர்கள்கூட அப்படித்தான் எண்ணினார்கள். அன்னா அம்மையார் அப்படி எண்ணவில்லை. பிள்ளையின் பெஞ்சிலே கைவைத்தவன் அதோடு நிற்கமாட்டான் என்று உணர்ந்தார். பிள்ளைகளோடு பள்ளியையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடத் துணிந்தார். இடம் தேடினார், பெற்றோரைச் சந்தித்து ஒப்புதல் பெற்றார். 1933ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஏறத்தாழ 65 பிள்ளைகள், தனித்தனிக் குழுக்களாக, சந்தேகத்துக்கு இடம் தராமல் எல்லை கடந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தனர்.

கரி அள்ளிய கலைஞர்

இங்கிலாந்தின் தென்கிழக்கே கெண்ட் மாவட்டம். அங்கே பன்ஸ் கோர்ட் என்ற பழைய மாளிகை. பெயர்தான் மாளிகை, பள்ளி நடத்தும் வசதி குறைவு. வேலையாட்களை வைத்துக்கொள்ளப் பணமில்லை. பார்த்தார் அம்மையார்: நமக்கு நாமே வேலையாட்கள்! காலையிலே பாடம், பிற்பகலில் பணி. தோட்டத்தைக் கொத்துவது, காய்கறி பயிரிடுவது, கோழி வளர்ப்பது, சமையலறையில் கைகொடுப்பது, தச்சுவேலை, பழுது பார்ப்பது எல்லாம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்தனர். மண்ணை வெட்டித் திறந்தவெளி நாடக அரங்கு ஒன்றையும் மாணவர்களே அமைத்தனர்.

ஆலையிலும் பட்டறையிலும் பாடுபடும் நம் தோழர்களுக்கு இது இனிக்கும் செய்தி. அங்கே மண்வெட்டியும் ஒரு பாடநூல். கை கறுப்பது இழிவல்ல என்பது முதல் பாடம். ஜெர்மனியிலே நாடக இயக்குநராக இருந்த ஒருவர், அகதியாக வந்து, அந்தப் பள்ளியின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டார். அதே மனிதர் பிள்ளைகளை வைத்து நாடகமும் நடத்தினார். பகலிலே அடுப்பங்கரி, மாலையிலே அரங்கக் கலை! பதவி பறிபோன பேராசான்கள் பலர், உணவும் உறையுளும் கைச்செலவுக்குச் சிறு தொகையுமே பெற்றுக்கொண்டு பாடம் நடத்தினர். யூதர் என்பதற்காக இட்லர் குப்பையிலே எறிந்த அறிவெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குப் புதையலாகக் கிடைத்தது.

ஜெர்மன் மொழி பேசிய பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டியிருந்தது. தாய்மொழி நாவிலே இருக்க, வேற்றுமொழியைக் காதிலே ஏற்றுவது எத்துணைத் துன்பம் என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் அம்மையார் கண்டிப்பாக இருந்தார். வாழவேண்டிய நாட்டின் மொழி வாய்க்கு வந்தால்தான் பிள்ளை தலைநிமிர்ந்து நடக்க முடியும் என்பது அவர் முடிவு. மதத்தை எவர் மீதும் திணிக்கவில்லை. மாட்டேன் என்றவரை வற்புறுத்தவுமில்லை, வேண்டும் என்றவரைத் தடுக்கவுமில்லை. முதலில் வந்து பார்த்த அரசுப் பள்ளி ஆய்வாளர்கள், வசதிக் குறைவைக் கண்டு முகம் சுளித்தனர். சில ஆண்டுகள் கழித்து வந்தவர்களோ, கருவிகளால் அல்ல, ஆசிரியர்களின் ஆர்வத்தாலே நடக்கும் பள்ளி இது என்று வியந்து சென்றனர்.

பாதி திறந்த கதவு

ஆண்டுகள் ஐந்து ஓடின. 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு. ஜெர்மனியெங்கும் யூதர்களின் கோவில்கள் எரிந்தன. கடைகள் நொறுங்கின. கண்ணாடிச் சில்லுகள் தெருவெங்கும் சிதறின. ஆயிரக்கணக்கான ஆண்கள் சிறைமுகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். ஒரு வாரம்கூட ஆகவில்லை; நவம்பர் 15ஆம் நாள் வந்தது அடுத்த உத்தரவு: யூதப் பிள்ளைகள் ஜெர்மானியப் பள்ளிகளில் இனிப் படிக்கவே கூடாது. முன்பு நூற்றுக்கு ஒன்றரை, இப்போது சுழி!

இங்கிலாந்தின் மனம் கலங்கியது. யூதத் தலைவர்களும் குவேக்கர்களும் அரசை அணுகினர். நவம்பர் 21ஆம் நாள் பார்லிமெண்டில் விவாதம். 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் தனியே வரலாம் என்று அரசு இசைந்தது. அரசுப் பணம் ஒரு காசும் செலவழியாது. தொண்டு நிறுவனங்களும் தனியார்களும்தான் தாங்கவேண்டும். 1939இல் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 பவுன் ஈடாகக் கட்டவேண்டும் என்றும் வந்தது. எதற்கு இந்த ஈடு? பின்னொரு நாள் அந்தப் பிள்ளையை நாட்டைவிட்டு அனுப்பும் செலவுக்கு!

அந்த ஏற்பாட்டினால் 1938 டிசம்பர் முதல் போர் தொடங்கும்வரை ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் பிழைத்தனர். நன்றி சொல்லவேண்டிய செயல், நாமும் சொல்கிறோம். ஆனால் நன்றி சொல்லும்போதே ஒரு கேள்வியும் கேட்கிறோம். பிள்ளை வரலாம், பெற்றவள் வரக்கூடாதா? வீட்டுவேலைக்காரியாக விசா பெற்று வந்த பெண்கள் உண்டு. வேறு வழி கண்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தப் புகைவண்டியிலே அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் இடமில்லை. ஏன்? "வெளிநாட்டான் வந்தால் உன் வேலை போய்விடும்" என்று உள்ளூர்த் தொழிலாளியின் காதிலே ஓதப்பட்ட காலம் அது. வேலையில்லாத் திண்டாட்டத்தை உண்டாக்கியவன் எவனோ. பழியோ அகதியின் தலையில்! பிள்ளை வேலை கேட்காது. ஆகவே பிள்ளை மட்டும் வரலாம். கதவு திறந்தது, பாதிதான் திறந்தது.

அந்தப் பாதியாவது திறந்தது அங்கே. கடலுக்கப்பால் அமெரிக்காவிலே 20,000 பிள்ளைகளை அழைத்துக்கொள்ள 1939இல் ஒரு மசோதா கொண்டுவந்தனர். அது வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது.

பெற்றோர் இருக்க அநாதை இல்லம்

பாதி திறந்த கதவின் வழியே நுழைந்த ஒரு சிறுவனைப் பாருங்கள். பெயர் லோதர் பாரூக். பால்டிக் கடலுக்கு அருகே கோஸ்லின் ஊரிலே 1925இல் பிறந்தவன். பள்ளியில் அவன் பட்ட அவமானம் தாளமாட்டாமல் பெற்றோர் 1936இல் அவனைப் பெர்லினில் யூத அநாதை இல்லத்திலே சேர்த்தனர். தாயும் தந்தையும் உயிரோடிருக்க, பிள்ளை அநாதை இல்லத்தில்! பிறந்த ஊர்ப் பள்ளியைவிட அநாதை இல்லமே பாதுகாப்பு என்று பெற்றவர்கள் கருதவேண்டிய நிலை.

இங்கிலாந்துக்கு முதல் வண்டி புறப்பட இருந்தது. இல்லத்தின் தலைவர் லோதரின் பெயரையும் பட்டியலிலே சேர்த்தார். பிள்ளைகளைக் காத்த அந்தத் தலைவர் பின்னாளில் ஆஸ்விட்ஸ் கொலைக்களத்தில் மாண்டார். 1938 டிசம்பர் முதல் நாள் பெர்லினிலிருந்து புறப்பாடு. கழுத்திலே எண் எழுதிய அட்டை. கையிலே சிறு பெட்டி. பணமாகப் பத்து மார்க்குக்கு மேல் கூடாது. டிசம்பர் 2ஆம் நாள் காலை, ஏறத்தாழ 200 பிள்ளைகள் ஹாரிச் துறைமுகத்தில் இறங்கினர். லோதருக்கு வயது 13.

துறைமுகத்துக்குப் பக்கத்திலே டோவர்கோர்ட் என்ற கோடைக்கால உல்லாச முகாம். கோடைக்காகக் கட்டிய மெல்லிய மரக்குடில்கள். வந்ததோ கொட்டும் பனிக்காலம். அங்கே பிள்ளைகளை வரவேற்றுப் பார்த்துக்கொள்ள அழைக்கப்பட்டவர் யார் தெரியுமா? அன்னா எஸ்ஸிங்கர் அம்மையார்தான். தம் ஆசிரியைகளையும் மூத்த மாணவர்களையும் அழைத்துக்கொண்டு ஓடினார்.

அந்த முகாமிலே நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பிள்ளைகளை வளர்க்க முன்வந்த குடும்பத்தார் வந்து, சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே நடந்து, பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தனர். அழகான சிறு பெண்குழந்தைகளுக்கு முதலிடம். மீசை அரும்பும் வயதுப் பையன்கள் கடைசிவரை காத்திருந்தனர். சந்தையிலே மாடு பிடிப்பதைப் போல இருந்தது என்று அந்தப் பிள்ளைகளே முதுமையில் நினைவுகூர்ந்தார்கள். வந்தவர்கள் தீயவர்கள் அல்லர், இரக்கத்தோடு வந்தவர்கள்தான். ஆனால் உரிமையாகக் கிடைக்கவேண்டியது இரக்கமாகக் கிடைத்தால், வாங்குகிறவன் தலைகுனிந்துதான் நிற்கவேண்டியிருக்கும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பாடமாகச் சொல்கிறோம்.

லோதரை அன்னா அம்மையார் தம் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். பன்ஸ் கோர்ட்டில் யாரும் அவனை விலைபார்க்கவில்லை. பெஞ்சிலே இடம், தோட்டத்திலே வேலை, மேசையிலே சோறு. கெஞ்சிக் கேட்காமல் கிடைத்தவை.

மறு ஆண்டு, 1939 ஏப்ரலில், இன்னொரு சிறுவன் வந்தான். பெர்லினில் பிறந்த பிராங்க் அவர்பாக். எட்டு வயது நிறைய இன்னும் சில நாட்கள். எழுத்தாளர் ஐரிஸ் ஒரிகோ அம்மையார் பொறுப்பேற்றதால் வரமுடிந்தது. அவன் பெட்டியை அடுக்கியவள் தாய். இப்போது உடுத்தும் உடுப்பு ஒருபுறம். வளர்ந்தபின் உடுத்த வேண்டியவற்றின் ஓரத்திலே சிவப்பு நூலால் சிறு குறுக்குத் தையல். அதற்கும் அடியிலே படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும். அவன் பெரியவனாகிக் குடும்பம் நடத்தும் காலத்துக்கு! எட்டு வயதுப் பிள்ளைக்குக் கலியாணச் சீர் வைத்து அனுப்பினாள் அந்தத் தாய். ஏன்? அந்த நாளிலே தான் இருக்கமாட்டோம் என்று அவள் நெஞ்சு அறிந்திருந்தது. பத்து மாதம் சுமந்தவள், பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ப்பை ஒரே பெட்டியிலே அடைத்துக் கொடுத்தாள்.

அகதியே பகைவனாம்!

1939 செப்டம்பர் முதல் நாள் போர் மூண்டது. பிராக் நகரிலிருந்து அன்று புறப்பட இருந்த வண்டியில் 250 பிள்ளைகள். வண்டி நகரவே இல்லை. அதே நாட்களில் இங்கிலாந்திலே, குண்டுவீச்சுக்கு அஞ்சி, ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நகரங்களைவிட்டுக் கிராமங்களுக்குப் போயினர். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகளும் தாய்மாரும். முகமூடிப் பெட்டி தோளிலே, பெயர்ச் சீட்டு மார்பிலே. ஆங்கிலேயப் பிள்ளையும் அன்று அகதியானான்.

பன்ஸ் கோர்ட் பிள்ளைகளுக்கோ இரண்டாவது இடப்பெயர்ச்சி காத்திருந்தது. 1940 மே மாதம் இட்லரின் படை மேற்கே பாய்ந்தது. கெண்ட் கடற்கரைக்கு எதிர்க்கரையிலே பகைவன் நிற்கிறான் என்ற பீதி. மே 12ஆம் நாள், கடலோர மாவட்டங்களில் இருந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய ஆண்களில் 16 வயது முதல் 60 வயதுவரை அனைவரையும் பிடித்து அடைக்கும்படி ஆணை. இட்லரிடமிருந்து தப்பி ஓடிவந்த யூதரும் ஜெர்மானியர்தானே! பன்ஸ் கோர்ட்டின் ஆண் ஆசிரியர்களும் 16 வயது கடந்த மாணவர்களும் அள்ளிச் செல்லப்பட்டனர். இட்லர் சொன்னான்: 'நீ யூதன், ஜெர்மானியன் அல்லன்.' இங்கிலாந்து சொன்னது: 'நீ ஜெர்மானியன், எங்கள் பகைவன்.' இரண்டு சொல்லுக்கும் நடுவிலே தவித்தான் பள்ளிப் பையன். இப்படி அடைபட்டோரில், பிள்ளைகளாக வண்டியேறி வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 1,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 400 பேரைக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றினார்கள். தவறு என்று பின்னர் உணர்ந்து விடுவித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

ஜூன் மாதம் அடுத்த இடி. மாளிகை இராணுவத்துக்கு வேண்டும். மூன்று நாளில் காலி செய்க! அம்மையாருக்கு அப்போது வயது 60. கண்பார்வையும் மங்கத் தொடங்கிய காலம். பயிரிட்ட காய்கறி விளைந்து நிற்கிறது. ஆண் ஆசிரியர்களோ சிறைமுகாமில். போராடி, மூன்று நாளை ஒரு வாரமாக்கினார். ஓடித் தேடி, மேற்கே ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தில் ட்ரெஞ்ச் ஹால் என்ற வீட்டைப் பிடித்தார். பன்ஸ் கோர்ட்டைவிடச் சிறியது. நெருக்கி அமர்ந்தார்கள். பாடம் தொடர்ந்தது! ஜெர்மனியிலே நெரிசல் என்று பிள்ளையை வெளியே தள்ளினார்கள். இங்கே நெரிசலிலும் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

இருபத்தைந்து சொற்கள்

போர் மூண்டபின் தபால் நின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் மட்டும் செய்தி அனுப்பலாம். ஒரு தடவைக்கு 25 சொற்களுக்கு மேல் கூடாது. அதுவும் போய்ச்சேர மாதக்கணக்கு.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். வேலைதேடி வெளியூர் போய், வீட்டுக்கு எழுதியவர்கள் உங்களில் இருப்பீர்கள். நலம், நலம் அறிய ஆவல் என்று தொடங்கினாலே நான்கு சொல் போய்விடுமே! மீதி 21 சொல்லிலே ஒரு பிள்ளை என்ன எழுதுவான்? கற்ற பாடத்தையா, கண்ட கனவையா, அம்மா வைக்கும் சூப்பின் மணம் மறந்துபோகிறதே என்ற அச்சத்தையா? பெற்றவள் என்ன எழுதுவாள்? வீடு பறிபோனதையா, நாளை வண்டியேற்றப் போகிறார்கள் என்பதையா? "நன்றாகப் படி, நல்லவனாக இரு, நாங்கள் நலம்" என்பதற்கு மேல் எதை எழுத முடியும்?

ஒருநாள் அந்த 25 சொல்லும் வராமல் நின்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நாளில் நின்றது. லோதரின் தாயையும் தந்தையையும் உடன்பிறந்தாளையும் 1942 அக்டோபரில் பெர்லினிலிருந்து ரீகா நகருக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றனர். அதை அவர் அறிந்தது பல்லாண்டுகள் கழித்துத்தான். அவர்பாக்கின் பெற்றோர் ஆஸ்விட்ஸில் மாண்டனர். ஜெர்மனியில் எஞ்சியிருந்த யூதப் பள்ளிகளையும் 1942 ஜூன் 30உடன் மூடிவிட்டார்கள். படிக்கப் பிள்ளைகள் இருக்கக்கூடாது என்று முடிவுகட்டிய பிறகு பள்ளி எதற்கு?

கணக்கின் முடிவு

1945இல் போர் முடிந்தது. 1946இல் பள்ளி பன்ஸ் கோர்ட்டுக்குத் திரும்பியது. முகாம்களில் பிழைத்த பையன்கள் சிலரும் வந்தார்கள். பாடநூலைத் தொட்டே பல ஆண்டுகள் ஆகியிருந்த அவர்களுக்கு எழுத்தையும் எண்ணையும் மட்டுமல்ல, மனிதரை நம்பலாம் என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1948இல் பள்ளி மூடப்பட்டது. அதுவரை அங்கே பயின்றோர் 900க்கும் மேற்பட்டோர். பன்ஸ் கோர்ட்டிலேயே தங்கியிருந்த அன்னா அம்மையார் 1960இல் மறைந்தார்.

லோதர், பிரிட்டிஷ் படையிலே சேர்ந்து லெஸ்லி பிரென்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டார். போருக்குப்பின் விஞ்ஞானம் பயின்றார். ஒருவர் உடலின் பகுதியை மற்றொருவர் உடல் ஏன் ஏற்பதில்லை, எப்படி ஏற்கச் செய்யலாம் என்று மெடவர், பில்லிங்ஹாம் என்ற இருவரோடு சேர்ந்து ஆராய்ந்து, 1953இல் வழிகாட்டினார். உறுப்பு மாற்று மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட ஆய்வுகளில் அது ஒன்று. 1960இல் நோபல் பரிசு பெற்றபோது மெடவர் அந்தப் பணத்திலே இவருக்கும் பங்களித்தார். 'இந்த உடலுக்கு ஒவ்வாதவன்' என்று ஒரு நாடு எறிந்த பிள்ளை, ஓருடல் மற்றோருடலை ஏற்கும் வழியை உலகுக்குச் சொன்னான்! 2019இல் அவர் காலமானார். பிராங்க் அவர்பாக் இங்கிலாந்தின் தலைசிறந்த ஓவியர்களில் ஒருவரானார். 93 வயதுவரை வாழ்ந்து 2024இல் மறைந்தார்.

பார்த்தீர்களா, அகதிப் பிள்ளையைக் காத்ததால் எத்துணை இலாபம் என்று கணக்குப் போட நாம் வரவில்லை. அந்தக் கணக்கும் ஆபத்தானது. விஞ்ஞானியாகாத பிள்ளை, ஓவியனாகாத பிள்ளை, வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தி ஓசையில்லாமல் வாழ்ந்த பிள்ளை, அவனுக்கும் அந்தப் பெஞ்சிலே அதே உரிமை உண்டு. மேதையானால்தான் உயிர் வாழலாம் என்பதும் இன்னொரு வகை ஒன்றரைக் கணக்குதான்.

நாம் சொல்ல வந்த கணக்கு வேறு. நூற்றுக்கு ஒன்றரை என்று தொடங்கினார்கள், 1933இல். போர் முடிந்தபோது கொல்லப்பட்டிருந்த யூதக் குழந்தைகள் மட்டும் ஏறத்தாழ 15 இலட்சம். ஒன்றரையில் தொடங்கிய கணக்கு பதினைந்து இலட்சத்தில் முடிந்தது. நடுவிலே எடுத்துவைத்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஒரு காரணம் இருந்தது. கையெழுத்திட ஓர் அதிகாரி இருந்தார். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்ல ஊரிலே ஆயிரம் பேர் இருந்தார்கள்.

முதல் அடியிலேயே விழித்துக்கொண்டவர் ஒரு பள்ளி ஆசிரியை. கொடி ஏறிய நாளிலேயே கூடத்தைக் காலி செய்து காட்டினார். பிறப்பைச் சொல்லி ஒரு பிள்ளையைப் பெஞ்சிலிருந்து எழுப்புகிற குரல் எந்த நாட்டிலே, எந்த மொழியிலே எழுந்தாலும், அதை முதல் நாளே அடையாளம் காணும் காது நமக்கு வேண்டும்.

சிவப்பு நூலால் அடையாளமிட்டு ஒரு தாய் அடுக்கிக் கொடுத்த அந்தப் பெட்டி நம் கண்ணைவிட்டு அகலக்கூடாது. பிள்ளை வளர்வான் என்று அவள் நம்பினாள். வளர இடம் கொடுத்தது ஒரு பள்ளி. அவளுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்க அன்று உலகத்துக்கு மனம் வரவில்லை.